தங்கச்சியின் மருந்தில் எங்கள் பங்கு

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு பேர் மருந்து குடிப்போம். அண்ணன், நான், தம்பி, தங்கச்சி என்று வயசு வரிசையில் இஸ்தோப்பில் குந்த வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு முன்னால் ஓடுகிற அந்தத் தாழ்வாரம்தான் எங்களுக்குச் சாப்பாட்டு அறை, படிப்பறை, ஆஸ்பத்திரி எல்லாம். அம்மா ஒரு கையில் மருந்துப் போத்தலும் மறு கையில் பித்தளைச் சங்குமாக வருவாள். எல்லார் வாயிலும் ஒரே அளவு விழும். யாருக்காவது ஒரு சொட்டுக் கூடிவிட்டால் அடுத்தவருக்கு அந்தச் சொட்டைச் சரிக்கட்டிவிடுவாள். அந்த விஷயத்தில் எங்கள் அம்மாவைப் போல் நியாயஸ்தி ஒருத்தியை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

இதில் அதிசயப்பட எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை. அந்த வீட்டில் பங்கு போடாத பொருள் என்று ஒன்று கிடையாது. தேங்காய் ரொட்டி நாலாக வரும். கருவாடு நாலாக வரும். தீபாவளிக்கு யாராவது ஒரு டொபி கொடுத்தால் அம்மா அதை முந்தானையில் சுற்றிக் காக்காக் கடி கடித்து நாலாக்குவாள். அப்படியிருக்க மருந்து மட்டும் ஒருத்திக்கே முழுசாகப் போகும் என்றால் நாங்கள் விட்டுவிடுவோமா? அதுவும் அந்தச் சிவப்பு மருந்து. நாக்கில் பட்டதும் இனிக்கும், தொண்டைக்குள் போகும்போது கசக்கும். கசப்பு வருவதற்குள் விழுங்கிவிடுவதில் நான் கெட்டிக்காரி.

பக்கத்துக் காம்பராப் பெண்கள் யாராவது கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்.

"பாத்துக்கிட்டு நிக்கிற புள்ளைக்குக் குடுக்காம ஒத்தப் புள்ளைக்கு மட்டும் ஊத்துனா, பாத்த புள்ளைக்கு ஏக்கம் புடிச்சிரும்ல?"

ஏக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு வியாதி. ஆசைப்பட்டது கிடைக்காத பிள்ளை சோறு இறங்காமல் இளைத்துப் போகும் என்பார்கள். அதற்கு டிஸ்பென்சரியில் மருந்து கிடையாது. அதனால் கேட்ட பெண்களும் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

டிஸ்பென்சரியில் அந்த வருசம் புது டாக்டரய்யா வந்திருந்தார். நாங்கள் டாக்டரய்யா என்போமே தவிர அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து ஜனங்களுக்கு மருந்து கலந்து கொடுக்கப் படித்தவர். அவருக்கு முன்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாய்விட்டுத் திட்டுவார், ஆனால் எதற்குத் திட்டுகிறார் என்று நமக்கு விளங்கும். புதியவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். கடலோரத்தில் பிறந்த மனிதருக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் அடிக்கும்போதும் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார். அவர் மூக்கு மட்டும் எப்போதும் சிவந்து கிடக்கும். ஊருக்கே சளி மருந்து கொடுக்கிறவருக்கு இப்படிச் சளியா என்று நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம்.

அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் வேலையை மேற்பார்க்கிற எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு. கண்டாக்குக்குத் தெரிந்தது மலையில் வேலை வாங்குகிற தமிழ். ஆகவே டாக்டரய்யாவுக்குக் கிடைத்ததும் அதுதான். வா. போ. நில்லு. வாயத் தொற. நாக்க நீட்டு. குடி. கத்தாத. இவ்வளவுதான் அவருடைய தமிழ். கிழவி என்றாலும் வா, குழந்தை என்றாலும் வா. பெரியவர்களுக்கு மனதுக்குள் வருத்தம் இருந்திருக்கும். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவரைக் கண்டால், அவர் சொல்வதற்கு முன்பே நாக்கை நீட்டிவிடுவேன்.

பாஷை இல்லாத குறைக்கு அந்த மனிதர் ஒரு வழி வைத்திருந்தார். நாங்கள் கொண்டுபோகிற போத்தலில் மருந்தை ஊற்றி, போத்தலுக்கு வெளியே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டுவார். பட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் மருந்து ஒரு வேளைக்கு. அந்தப் பல்லை அவ்வளவு அழகாக வெட்டுவார், சும்மா சொல்லக்கூடாது. அவரிடம் மருந்துக்கு வருகிறவர்களில் நாங்கள் இருந்தோம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் இருந்தார்கள், ஸ்டோரில் காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கிழவர் இருந்தார். எல்லாருக்கும் ஒரே பட்டை, ஒரே பல். "பாஷ வேணாம். எண்ணு. குடி," என்று பெருமையாகச் சொல்வார்.

ஆடி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு நாலு வயசு. எனக்கு எட்டு. றொசல்லப் பக்கத்து மழை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். துணி காயாது, விறகு பற்றாது, காம்பராவுக்குள் புகையும் ஈரமும்தான். முதல் நாள் இருமினாள். இரண்டாம் நாள் அவள் நெஞ்சு, தண்ணீர் கொதிக்கிற கேத்தல் மாதிரிச் சத்தம் போட்டது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் காய்ச்சல்காரப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா கொழுந்தெடுக்கப் போகாமல் அவளைச் சாக்குக் கொங்காணிக்குள் போர்த்தித் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள்.

டாக்டரய்யா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சிவப்பு மருந்து கொடுத்தார். எட்டுப் பல். காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று, நாலு நாளைக்கு.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். காலையில் சரியாக ஒரு பல் ஊற்றினாள். அந்தியில் சரியாக ஒரு பல். ஊற்றியதை நாலாகப் பங்கிட்டாள். அண்ணனுக்குக் கால் பல், எனக்குக் கால் பல், தம்பிக்குக் கால் பல், தங்கச்சிக்குக் கால் பல். நாலாம் நாள் அந்திக்குப் போத்தல் சுத்தமாகக் காலி. டாக்டரய்யா சொன்னதில் அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. எத்தனை வாய்க்கு என்று அவர்தான் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரய்யா காலிப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டுப் பல்லையும் விரலால் தொட்டு எண்ணினார்.

"எல்லாம் குடி?"

"எல்லாம் காலிங்க ஐயா. ஒரு சொட்டு சிந்தலீங்க."

அது உண்மைதானே. அவர் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு யோசித்தார். அடுத்த போத்தலில் காட்டமான மருந்து ஒன்று கலந்தார். கபில நிறம். அதில் இனிப்பே கிடையாது.

அந்த மருந்தைக் குடித்துவிட்டு அண்ணன் பள்ளிக்கூடத்தில் சிலேட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கினான். மாஸ்டர் பிரம்பால் தட்டியும் எழுந்திருக்கவில்லை. தம்பி வாந்தி எடுத்தான். எனக்கு இரண்டு காதிலும் வண்டு ரீங்காரம் போட்டது. அதை நான் மற்றப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆக, எங்கள் மூன்று பேர் மேலும் மருந்து நன்றாகவே வேலை செய்தது. வேலை செய்ய வேண்டியவள் மேல்தான் செய்யவில்லை. தங்கச்சி கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். கன்னம் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது.

புதன்கிழமை டாக்டரய்யா அவளைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னார்:

"வெள்ளிக்கெழம பாரு. காச்சல் போ இல்ல, டவுன் பெரியாஸ்பத்திரி. சனிக்கெழம லொறி."

அம்மா வீட்டுக்கு வந்ததும் அழுது தீர்த்தாள். பெரியாஸ்பத்திரி கெட்ட இடம் என்று அவள் பயப்படவில்லை. அங்கே பெற்றவள் கூட இருக்க முடியாது. பார்க்கிற நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குத் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் அது முடிந்துவிடும். வார்டில் எல்லாம் சிங்களம். நாலு வயசுப் பிள்ளை தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, அம்மா வேணும் என்று யாரிடம் சொல்லும்?

"என் புள்ள வாயில்லாப் பூச்சியாட்டம் கெடக்குமேங்க," என்றாள் அப்பாவிடம்.

அப்பா பேச்சுக் குறைந்த மனிதர். கவ்வாத்து வெட்டுகிற கை அவருக்கு. ஆறுதல் சொல்லத் தெரியாது. கிராமத்துக்குப் பலாக்காய் வாங்கப் போய்ப் போய்க் கொஞ்சம் சிங்களம் பிடித்து வைத்திருந்தார். அன்று அந்தியில் தங்கச்சியை மடியில் கிடத்திக்கொண்டு அவள் காதில் அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"தண்ணி வேணும்னா வத்துரன்னு சொல்லணும்டா தங்கம். எங்க, சொல்லு. வத்துர."

"தண்ணி," என்றாள் தங்கச்சி.

"தண்ணி இல்ல சாமி. வத்துர."

"அப்பா, தண்ணி."

அப்பா தண்ணீர் கொடுத்தார். குடித்ததும் மறுபடி ஆரம்பித்தார். இரண்டு நாள் இந்தப் பாடம் நடந்தது. வியாழக்கிழமை அவள் காய்ச்சல் மயக்கத்தில் "வத்துர, வத்துர" என்று பிதற்ற ஆரம்பித்தாள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே எழுந்து போய்விட்டார். பாடம் வந்துவிட்டதே, இந்த மனுசன் சந்தோசப்படாமல் ஏன் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்திக்கு அப்பா மறுநாள் லொறியில் இடம் கேட்டுவரக் கங்காணி வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா போத்தலும் சங்குமாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வரிசையில் குந்தியிருந்தோம். அண்ணன் குடித்துவிட்டான். அடுத்தது நான். வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறேன், லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. பார்த்தால் பெரிய கறுப்புக் குடையும் மப்ளருமாக டாக்டரய்யா வந்து நிற்கிறார்.

அவர் மாதிரி ஆட்கள் லயத்துக்கு வந்தால் எதுவோ விபரீதம் என்று அர்த்தம். பக்கத்துக் காம்பராக்களில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அம்மாவும் தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அவர் வரிசையைப் பார்த்தார். சங்கைப் பார்த்தார். அண்ணன் வாயைத் துடைப்பதைப் பார்த்தார்.

"யாரு காச்சல்?" என்றார்.

"சின்னவளுக்குத்தாங்க ஐயா."

"இது?" அண்ணனைக் காட்டினார்.

"இல்லீங்க."

"இது?" என்னைக் காட்டினார். நான் வழக்கம் போல நாக்கை நீட்டினேன். அவர் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டார். தம்பி நெற்றியைத் தொட்டார். கையில் டிஸ்பென்சரி வாசம் அடித்தது.

"காச்சல் இல்ல! ஏன் குடி?"

"பாத்துக்கிட்டு நிக்கிதுங்களே ஐயா," என்றாள் அம்மா. எங்கள் லயத்துப் பெண் யாராக இருந்தாலும் அந்தப் பதிலில் எல்லாம் அடங்கியிருக்கும். அவருக்கு அடங்கவில்லை.

அவர் போத்தலைப் பிடுங்கிப் பார்த்தார். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். அப்புறம்தான் விளங்கியது போலும். மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, சிங்களத்தில் கொட்டினார் பாருங்கள், மழைச் சத்தமே கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது "அய்யோ" மட்டும்தான். கடைசியில் தமிழுக்கு வந்தார். ஒரு விரலை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒண்ணு! ஒண்ணு குடி! இது போ, இது போ, இது போ!"

"முடியாதுங்க," என்றாள் அம்மா.

அந்தக் காலத்தில் கொழுந்துக்காரி ஒருத்தி டிஸ்பென்சரிக்காரர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதாவது! பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்ப அது போதும். பக்கத்துக் காம்பராக்காரி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"மூணு பேரும் பீலிக்குப் போய்த் தண்ணி கொண்டாங்க."

"கொடம் நெறஞ்சுதானம்மா இருக்கு?" என்றேன் நான். என் முறை வந்து, வாய் திறந்து, மருந்து விழாமல் நிற்கிற கோபம் எனக்கு.

"கீழ ஊத்திட்டுப் போடி!"

ஊற்றிவிட்டுப் போனோம். மலைத் தண்ணீர் கொட்டுகிற அந்தப் பீலி எங்கள் லயத்துக்கு எதிர்ச் சரிவில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இஸ்தோப்பு தெரியும், பேச்சுக் கேட்காது. அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரய்யா தலையை அசைத்தார், விளங்கவில்லை என்று. அம்மா தங்கச்சியைப் பாயில் கிடத்தினாள். வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு இடது கையால் அதில் ஒரு விரலைப் பிடித்து மடக்கினாள். மடக்கிய விரலை விடவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, மோவாயால் போத்தலைக் காட்டினாள். மேல்மலைப் பக்கமாகக் காட்டினாள். டிஸ்பென்சரி இருப்பதும் அந்தப் பக்கம்தான். கடைசியாகப் பிடித்த பிடியோடு பீலியின் பக்கம் கையை நீட்டினாள். டாக்டரய்யா திரும்பி என்னையே பார்த்தார். நான் சிரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாக்கையும் நீட்டி வைத்தேன்.

எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

"அம்மா அஞ்சு போத்தல் கேக்குது. அந்தாளு நாலுதான் தருவாராம்," என்றேன் அண்ணனிடம்.

"சும்மா இருடி," என்றான் அண்ணன். அவன் குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். தண்ணீர் நிரம்பி வழிந்தும் எடுக்கவில்லை.

அப்போது டாக்டரய்யாவின் குரல் மட்டும் உரக்க, ஒரே ஒரு சொல்லாகக் கேட்டது.

"உக்காரு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். டாக்டரய்யா நிற்கிறார், அம்மா அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! அப்படி ஒரு காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. பேரம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அவர் குடையை விரித்து, மழைச்சாரல் படாமல் அம்மாவின் மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதே குடையோடு போனார். போகும்போது பீலியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் தலையில் கையை வைத்தார். நெற்றியில் இல்லை, தலையில். கை கனமாக இருந்தது.

ஒரு மணி நேரம் இருக்காது, டிஸ்பென்சரி வேலையாள் சாக்குப் பையோடு வந்தான். பையில் நான்கு போத்தல்! நான்கிலும் வெள்ளைப் பட்டை, பட்டையில் பல். ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"சோப்பு நூலு கட்டுனது காச்சக்காரப் புள்ளைக்கு. மத்தது ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தர் போத்தல ஒருத்தர் தொடக் கூடாதாம். லொறி திங்கக்கெழமதானாம், ரெண்டு நாள் பாப்போம்னாரு," என்றான். சிவப்பு நூலைத்தான் அப்படிச் சொன்னான். அவன் வாயில் நிறங்கள் எல்லாம் ஒரு மாதிரிதான் வரும்.

என் போத்தல் மஞ்சள் நிறம். ஏலக்காய் வாசம். தேன் போல இனிப்பு, கடைசி வரைக்கும் கசப்பே கிடையாது. அம்மா அண்ணனுக்கு அவன் போத்தலில் ஒரு பல், எனக்கு என் போத்தலில் ஒரு பல், தம்பிக்கு அவன் போத்தலில் ஒரு பல் என்று ஊற்றினாள். தங்கச்சிக்குச் சிவப்பு நூல் போத்தலில் முழுசாக ஒரு பல். ஊற்றிவிட்டு எங்கள் நான்கு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் சொட்டைச் சரிக்கட்டாமல் மருந்து ஊற்றினாள்.

சனிக்கிழமையும் காய்ச்சல் அடித்தது. அப்பா பாடத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்திக்குத் தங்கச்சிக்கு வியர்த்தது. போர்வை நனைந்தது. அம்மா அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அப்பாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், நம்பாமல் அண்ணனையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் யாரும் சொல்லாமலே தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் லொறி வந்து நின்றபோது டாக்டரய்யா எங்கள் இஸ்தோப்பில் இருந்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். "ஹரி," என்றார். சரி என்பதற்கு அது சிங்களம். லொறி ஹோர்ன் அடித்தது. அவர் எழுந்து நின்று போ, போ என்று இரண்டு கையாலும் ஆட்டிக் காட்டினார். லொறி எங்கள் தங்கச்சி இல்லாமல் வளைவில் இறங்கிப் போனது. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

அப்போது தங்கச்சி கண்ணைத் திறந்து, மப்ளர் கட்டிய அந்த முகத்தைப் பார்த்து, "வத்துர," என்றாள்.

மனிதர் திடுக்கிட்டுப் போனார். அப்புறம் அவர் முகம் இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை அந்த முகம் வைத்திருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டோம். குடத்தில் இருந்து தானே மொண்டு குடிக்கக் கொடுத்தார். சிங்களத்தில் அவளிடம் என்னென்னவோ பேசினார். தங்கச்சி எல்லாம் புரிந்த மாதிரி "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

என் கதைக்கு வருகிறேன். அந்த மஞ்சள் மருந்தைப் போல் சக்தி வாய்ந்த மருந்து உலகத்திலேயே இல்லை என்று நான் நம்பினேன். என் காது ரீங்காரம் நின்றது. முழங்கால் புண் ஆறியது. கணக்கில் கூட இரண்டு சரி வந்தது. பள்ளிக்கூடத்தில் அளந்து விட்டேன். விளைவு, அடுத்த வாரம் டிஸ்பென்சரி வாசலில் மூன்று லயத்துப் பிள்ளைகளும் கியூவில் நின்று பொய் இருமல் இருமினார்கள். டாக்டரய்யா "போ! போ!" என்று விரட்டிப் பார்த்தார். இரண்டொரு குட்டிகளுக்கு ஒரு வாய் ஊற்றியும் விட்டார். வேலையாள் பிறகு சொன்னான், அந்த மாசம் முழுக்க அவர் சாயத்தண்ணியை, அதுதான் பால் விடாத தேத்தண்ணியை, சீனியும் இல்லாமல் குடித்தாராம். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல் மட்டும் போகவில்லை. அம்மா கேட்டது ஐந்து. கொடுத்தது நான்கு. ஒரு போத்தல் கூடக் கொடுத்தால் குறைந்தா போவார்? "நம்ம டாக்டரய்யா நல்லவருதான், ஆனா சரியான கஞ்சன்," என்று பீலியடியில் பெரிய மனுசி மாதிரிச் சொல்லுவேன். அம்மா காதில் ஒரு தடவை விழுந்தது. அடிப்பாள் என்று குனிந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

வருசங்கள் போயின. நான் கல்யாணம் கட்டி, ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் குடியிருந்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒரு தடவை காய்ச்சல். மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். சின்னவள் பக்கத்தில் வந்து, "எனக்கும்மா?" என்று வாயைத் திறந்தாள்.

"சீ போ, இது அண்ணனுக்கு," என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அம்மா அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்தாள். விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு கரண்டியில் சீனித் தண்ணி கொண்டுவந்து சின்னவள் வாயில் ஊற்றினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவளும் இப்பிடித்தான் கேட்டா. எனக்கும்மான்னு. நானும் இப்பிடித்தான் கையத் தட்டிவுட்டேன். பாப்பா மருந்து, ஒனக்கு எதுக்குன்னேன். மூணாம் நாள் அந்தக் காச்சல் அவளுக்குத் தாவிருச்சு. போத்தல்ல ஒரு சொட்டு மிச்சமில்ல. மறு போத்தல் வாங்கியாரதுக்குள்ள..."

மருந்துப் போத்தலைக் கீழே வைத்தேன். "யாரும்மா?" என்றேன்.

"ஒங்கண்ணனுக்கு அடுத்தவ. மூணு வயசு முடிஞ்சிருந்துச்சு. மேல்மலையிலதான் கெடக்கா. அன்னைக்கு டாக்டரய்யாகிட்ட அதத்தான் சொன்னேன். பாஷ தெரியாத மனுசன்கிட்ட எப்பிடிச் சொல்றது? வெரல மடக்கிக் காட்டுனேன்."

"எந்தப் பாப்பாவோட மருந்தும்மா?"

அம்மா கரண்டியைக் கழுவி வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நீதான்டி," என்றாள்.

ஐந்து கேட்டு நான்கு கொடுத்த கஞ்சன் என்று அந்த மனிதரை ஊரெல்லாம் தூற்றிக்கொண்டு திரிந்தேனே! மடக்கிய விரலாகிவிட்ட என் அக்காவின் பங்கையும் சேர்த்து, பால்குடி வயசிலேயே ஒரு போத்தலை முழுசாகக் குடித்து முடித்தவள் நான்தான் என்று எனக்குத் தெரியாது. என் தலையில் கை வைத்துவிட்டுப் போன அவருக்கு அது தெரிந்திருந்தது.